மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள்

மாமல்லபுரம்
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேவிப்பிரியா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நீயும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே நைனா, அம்மா, நான், மூவரும் சுகம். இதை எழுத எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

மாமாவோடு கரைக்கு ஐஸ் வண்டி ஓட்டிய முனிசாமி அண்ணனிடம் உன் முகவரியை வாங்கினேன். நான் ஏன் ஒரு தடவைகூட உன்னைப் போனில் கூப்பிடவில்லை என்று நீ நினைத்திருப்பாய். செங்கல்பட்டுப் பதிவு அலுவலகத்தில் நீயும் மாமாவும் மாலை மாற்றிக்கொண்ட மறுநாள், நைனா எங்களைக் கன்னியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். மூன்று பேரும் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்தோம். மீறினால் படகுக்கு ஆகாது. எழுதக்கூடாது என்று நைனா சொல்லவில்லை. நம் வீட்டில் யாரும் யாருக்கும் எழுதியதில்லை, அதனால் அவருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் இப்போதுதான் தோன்றியது.

தோன்றியதற்குக் காரணம் இதோடு வரும் புத்தகம். பகலில் சிப்பிப் பொருள் கடையில் பில் போடுகிறேன். சாயங்காலம் கிளை நூலகத்துக்குப் போவேன். அங்கே ஸ்ரீதேவி மேடம் என்னைப் பற்றிச் செங்கல்பட்டில் மாத இதழ் நடத்தும் சதாசிவம் சாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் புதுப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதச் சொல்கிறார். பதிப்பகத்தார் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதி அனுப்புவது வழக்கம். ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று எழுதுகிறவருக்கு. இனிமேல் ஒரு புத்தகம் வந்தாலும் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று சாரின் வீட்டம்மா சொல்லிவிட்டாராம். அதனால் இரண்டையும் எனக்கே அனுப்பிவிடுகிறார்.

இரண்டாவது பிரதியை என்ன செய்வது என்று யோசித்தபோது உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை. இது ஒரு நாவல். மீனவர் வாழ்க்கை என்று அட்டையில் போட்டிருக்கிறது. படித்துவிட்டு உனக்குத் தோன்றுவதை எழுது. வேறு எதுவும் எழுதப் பிடிக்காவிட்டால் அதை மட்டுமாவது எழுது. நூலக முகவரிக்கே அனுப்பு.

உன் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும்
தேவி


ஊரப்பாக்கம்
2.9.2024

தேவிக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் உனக்குச் சளி பிடித்திருக்காது என்று நம்புகிறேன். எனக்கு இங்கே தூசியில் ஓயாத தும்மல்.

உன் கடிதம் வந்த அன்று பிரிக்கவில்லை. மறுநாளும் பிரிக்கவில்லை. புத்தகத்தைத்தான் முதலில் படித்தேன். தாம்பரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலிலேயே முடித்துவிட்டேன்.

அந்த நாவலில் வருகிற பெண் அத்தியாயம் தவறாமல் கரையில் நின்று கடலைப் பார்க்கிறாள். முடி காற்றில் பறக்கிறது. படகு வந்ததும் கண்ணீர் விடுகிறாள். அம்மா என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறாளா? படகு கண்ணில் பட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு ஓடுவாள். என்ன மீன் என்று பார்த்த பிறகுதான் நைனா வந்திருக்கிறாரா என்றே பார்ப்பாள். எழுதியவர் கரைக்கு வந்திருக்கிறார், ஆனால் மீன் வருகிற நேரத்துக்கு வரவில்லை.

ஒரு பக்கம் மட்டும் உண்மை. பள்ளிக்கூடம் போகும் முன் அந்தப் பெண் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவுகிறாளே, அது. யார் அவருக்குச் சொன்னார்கள்?

உன் மாமா நாவல் பிரமாதம் என்கிறார். நெல் விளைகிற ஊர்க்காரர். அவருக்குக் கடல் என்றால் ஐஸ் இறக்குகிற இடம்.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். நைனாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

யோகேஸ்வரி


மாமல்லபுரம்
6.10.2024

அன்புள்ள அக்கா,

உன் தும்மல் நின்றதா? தூதுவளை கிடைத்தால் ரசம் வைத்துக் குடி. நீ கேட்காததற்குப் பதில்: முழங்கால் வலி மழைக்கு முன்னால் வருகிறது, மழை பெய்ததும் போய்விடுகிறது. வானிலை அறிக்கையைவிட நைனாவின் காலைத்தான் குப்பத்தில் நம்புகிறார்கள்.

மதிப்புரை வெளிவந்துவிட்டது, இதழை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். 'மீன் வருகிற நேரத்துக்கு வரவில்லை' என்ற வரியை அப்படியே போட்டுவிட்டேன். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும். சதாசிவம் சார் ஒரு கார்டு போட்டிருக்கிறார்: 'மற்றதெல்லாம் சுமார். அந்த இரண்டு வரி யாராலும் எழுத முடியாதது.' சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் நூலகத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்ன அந்தச் சோப்புப் பக்கத்தைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடியவில்லை. செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். காற்று என்மேல் அடித்து வெளியே போகட்டும் என்று. ஜன்னல் கிடைக்காத நாளில் நின்றுகொண்டு போவேன். இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அம்மா நெத்திலி காயப்போடும்போது ஒரு பங்கைத் தனியாக டப்பாவில் போட்டு மேலே ஏற்றுகிறாள். யாருக்கு என்றால், மழைக்கு என்கிறாள்.

இந்தத் தடவை அனுப்பும் புத்தகம் கதை இல்லை. புறநகர் ரயிலில் போகும் பெண்களைப் பற்றிய ஆய்வு. இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நிறைய எழுது.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கும்
தேவி


ஊரப்பாக்கம்
28.10.2024

தேவிக்கு,

தும்மல் போய்விட்டது. உன் தூதுவளை இங்கே எங்கும் முளைக்கவில்லை.

என் வரியைத் திருடியதற்குச் சன்மானம் ஏதாவது உண்டா? எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இதழைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். உன் பெயரைக் காட்டினேன் என்று வைத்துக்கொள்.

ரயில் புத்தகம் நல்ல புத்தகம். பெண்கள் பெட்டியில் கீரை ஆய்வது, பூக் கட்டுவது, தூங்குகிறவளை அவள் இறங்கும் நிலையத்தில் பக்கத்திலிருப்பவள் தட்டி எழுப்புவது, எல்லாம் அப்படித்தான். யாருக்கு எந்த நிலையத்தில் இடம் காலியாகும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். ஆனால் இருநூறு பக்கத்தில் அவர் ஒருத்தியிடம்கூடப் பெயர் கேட்கவில்லை. 'பயணி', 'மற்றொரு பயணி' என்றே போகிறது. எங்கே இறங்குகிறார்கள் என்று எழுதினாரே தவிர, இறங்கி எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று எழுதவில்லை.

போன வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு அம்மா சங்கரா விற்றுக்கொண்டிருந்தாள். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. எந்தக் குப்பம் என்று கேட்டேன். "மீனு வாங்குறியா, கத பேசிகினு நிக்கிறியா" என்றாள். அதைக் கேட்கத்தான் நின்றேன் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் சமைக்க முடியவில்லை. வாடை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு, மீன் வாடை. உன் மாமாதான் வறுத்துச் சாப்பிட்டார்.

கொஞ்ச நாளாக வேலைக்குப் போவதில்லை. அசதி. பெரிதாக ஒன்றுமில்லை.

யோகேஸ்வரி


மாமல்லபுரம்
1.12.2024

அன்புள்ள அக்கா,

அசதி போனதா? டாக்டரிடம் காட்டினாயா? பெரிதாக ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து வயதில் கையை முறித்துக்கொண்டு வந்தபோதும் நீ அதைத்தான் சொன்னாய்.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். ரயில் புத்தக மதிப்புரையில், 'என் அக்கா தினமும் இந்த ரயிலில்தான் தாம்பரம் போகிறாள்' என்று ஆரம்பித்துவிட்டேன். எழுதும்போது அது இயல்பாக இருந்தது. இந்த இதழையெல்லாம் நம் குப்பத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்ரீதேவி மேடம் பெருமையாக ஒரு பிரதியை மீனவர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். சங்கத்துச் செயலாளர் சுப்புராமன் சாரைத் தெரியுமே, எதையும் உரக்கப் படித்தால்தான் அவருக்குப் புரியும். வலைக் கொட்டகையில் எல்லாரும் வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது, "சிங்காரம், உம் பொண்ணு எழுதினது" என்று படிக்க ஆரம்பித்திருக்கிறார். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாராம். எல்லாரும் குனிந்து வலையையே பிரித்தார்களாம்.

நைனா வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்துக்கொண்டார்.  மறுநாள் கடலுக்குப் போய் வந்து, குளித்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தார்.

"பேசினியா?"

"இல்ல நைனா. எழுதினேன்."

சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, "படி" என்றார். மதிப்புரையை முழுவதும் படித்தேன். "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்திவிட்டாள். நைனா எழுந்து போகப் போனவர், வாசலில் திரும்பி நின்று கேட்டார்:

"அது அந்த ரயில்ல நின்னுகினு போவுதா, குந்திகினு போவுதா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். கேட்டு எழுது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கிறேன்.

இதோடு இரண்டு புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று சிறுகதைகள். இன்னொன்று ஒரு பெண் டாக்டர் கர்ப்ப காலத்தைப் பற்றி எழுதியது. அதற்கு நான் என்ன மதிப்புரை எழுதுவது? சாரிடம் கேட்டால், 'தெரியாததைப் படித்தால்தான் கேள்வி வரும்' என்கிறார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தேவி


ஊரப்பாக்கம்
20.12.2024

தேவிக்கு,

நான் நலம். மழையில் இங்கே தெருவெல்லாம் தண்ணீர். அங்கே கடல் எப்படி இருக்கிறது? படகை மேலே ஏற்றிவிட்டார்களா?

உட்கார்ந்துதான் போகிறேன் என்று சொல்லிவிடு. ஜன்னல் ஓரத்தில் என்று சொல்.

சிறுகதைகள் சில நன்றாக இருக்கின்றன. பாதிக்கு மேல் கடைசிப் பக்கத்தில் யாராவது இறந்துபோகிறார்கள். உயிரோடு வைத்துக்கொண்டு கதையை முடிக்க அவருக்குத் தெரியவில்லை. இதை நீ போட்டுக்கொள்ளலாம்.

கை வலிக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

யோகேஸ்வரி


மாமல்லபுரம்
19.1.2025

அன்புள்ள அக்கா,

பொங்கல் எப்படிப் போனது? ஒரு மாதமாக நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் ஸ்ரீதேவி மேடம் என் முகத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றாயே, அந்த நாள் இன்னும் வரவில்லை.

நீ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போகிறாய் என்று நைனாவிடம் சொன்னேன். "ம்" என்றார். நீ வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது என்பதை நான் சொல்லவில்லை. அதன்பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. உன் பெயரைச் சொல்வதில்லை. நான் நூலகத்திலிருந்து வந்ததும் "அந்த ரயிலு இன்னா எழுதிச்சி?" என்கிறார். இன்றைக்குத் தபால் இல்லை நைனா என்றால், தபால் இலாகாவைத் திட்டுகிறார். திட்டு யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

இந்த மாதப் புத்தகம் பங்குனி ஆமைகளைப் பற்றியது. ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா நம் கரையோரமாகவே நடந்து எழுதியிருக்கிறார். கடல் சம்பந்தப்பட்டது என்பதால் தினமும் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் சண்டை. எந்தக் கரையில் பொரிந்ததோ, பெரிதானதும் முட்டையிட அந்தக் கரைப்பக்கமே ஆமை திரும்பி வரும் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. "எவன் பாத்தான்? முதுவுல அட்ரெஸு எழுதிகினா கீது?" என்றார். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகச் சொன்னார்:

"வருதுன்னே வெச்சிக்க. அதுக்கு யாராச்சும் வெத்தல பாக்கு வெச்சி கூப்ட்டாங்களா? தன் கரைன்னா தானா வருது."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் ஆமையைப் பற்றிப் பேசவில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். எழுது என்று சொல்லாமலே எழுதச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, அசதி, வேலைக்குப் போகவில்லை. எந்தப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வாய் திட்டாமல் விட மாட்டாய், டாக்டர் எழுதிய புத்தகத்தைப் பற்றி மட்டும் ஒரு எழுத்தில்லை. மதிப்புரைக்காக அதை நானும் படித்தேன் அக்கா. எத்தனையாவது மாதம்?

தேவி


ஊரப்பாக்கம்
12.2.2025

தேவிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கால் மட்டும் வீங்குகிறது. ஏழாவது மாதம்.

உன்னிடம் மறைக்க நினைக்கவில்லை. எழுதினால் கேட்பது மாதிரி ஆகிவிடும், அதனால்தான். ஏழாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து வந்து வளையல் அடுக்கி அழைத்துப் போவார்கள். விட்டால் ஒன்பதில். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் சொல்லி அவர்கள் வராவிட்டால் அதை என்னால் தாங்க முடியாது. வயிற்றுப் பிள்ளைக்காக இரக்கப்பட்டு வந்தார்கள் என்றாலும் தாங்க முடியாது. ஆகையால் நீ சொல்லக்கூடாது. இது என்மேல் ஆணை என்று எழுதத்தான் நினைத்தேன். நம் வீட்டில் ஏற்கெனவே ஆணை அதிகம். சும்மா கேட்கிறேன், சொல்லாதே.

உன் மாமா தாம்பரத்திலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். அளவு தெரியாமல் சிறியதாக வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா சோப்புத் தடவி ஏற்றிவிட்டார். இனி உடைத்தால்தான் கழற்ற முடியும்.

ஆமைப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். நைனாவுக்கு என் பதில்: ஆமையைக் கரையில் யாரும் வழிமறிப்பதில்லை. நீ வந்தால் படகு கவிழும் என்று எந்தக் கரையும் சூடம் அணைத்ததில்லை. அதனால்தான் அது கூப்பிடாமல் வருகிறது.

இதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். படித்துக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை.

சில நாள் சாயங்காலம் நிலையத்துக்குப் போய் உட்காருகிறேன். செங்கல்பட்டு வண்டியில் கூடையோடு யாராவது இறங்குவார்கள். அதற்குத்தான்.

யோகேஸ்வரி


மாமல்லபுரம்
11.3.2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வரும்போது உன் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எப்படி வந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. அம்மா சொல்லியிருந்தாலும் பாதிதான் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு நூலகத்தில் ஆமைப் புத்தகத்துக்கு விமர்சனக் கூட்டம். ஆராய்ச்சியாளர் அம்மாவும் வந்திருந்தார். சதாசிவம் சார் என்னைப் பேசச் சொல்லிவிட்டார். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்று சொல்லவே எனக்கு எச்சில் விழுங்க வேண்டும், உனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். நைனா முந்திக்கொண்டார். "அந்தம்மா வருதா? அப்ப நானும் வர்றன். ஆமயப் பத்தி நேர்ல கேக்கணும்" என்றார். அம்மாவும் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். உன் பதிலை நான் அவரிடம் படித்துக் காட்டியிருக்கவில்லை. பையில்தான் இருந்தது.

என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்று யாரோ சொன்னார்கள். முட்டையிட ஆமை திரும்பி வரும் இடத்தைப் பற்றிய பத்திக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் நைனா துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வலை இழுக்கும்போது பார்ப்பாரே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா. அங்கே உனக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது, இவர்கள் அது தெரியாமல் ஒரு மாதத்தையும் எண்ணாமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று இருந்தது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் சொன்னது இவ்வளவுதான்:

"மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்புவார்கள். ஒன்றை நான் படித்தேன். இன்னொன்றை ஊரப்பாக்கத்தில் என் அக்கா படித்தாள். நான் இதழில் எழுதும் நல்ல வரிகள் எல்லாம் அவளுடையவை. இந்த ஆமை கூப்பிடாமலே திரும்பி வருகிறது என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். கரையில் யாரும் ஆமையை வழிமறிப்பதில்லை, அதனால்தான் வருகிறது என்று அக்கா எழுதினாள். அவளுக்கு இது எட்டாவது மாதம். சாயங்காலம் நிலையத்தில் உட்கார்ந்து செங்கல்பட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லக்கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டாள்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று சதாசிவம் சார் சொன்னார். நைனா எழுந்தார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர் அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு தயாராக இருந்தார். நைனா மைக்கை எப்படிப் பிடிப்பது என்று பார்த்தார். பிறகு கேட்டார்:

"இங்கேருந்து ஊரப்பாக்கத்துக்கு அடுத்த ரயிலு எப்பங்க?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே நிறுத்திக்கொண்டார். சதாசிவம் சார் கைப்பேசியைப் பார்த்து நேரம் சொன்னார். நைனா மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். அம்மா புளிச்சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மேடையில் இருந்ததால் நான் எழுந்து போக முடியவில்லை. நன்றியுரை முடிந்து வெளியே வந்தபோது வண்டி போயிருந்தது. உன் முகவரியை நைனா என்னிடம் கேட்கவே இல்லை, முனிசாமி அண்ணனிடம் முன்பே வாங்கி வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

தனியாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் நைனா மட்டும் திரும்பி வந்தார்.  குழம்பு வைக்கத் தெரியாதா என்று என்னைத் திட்டினார். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டேன். வரமாட்டாள் என்றார். முகம் நன்றாக இருந்தது.

என்ன நடந்தது என்று நீதான் எழுத வேண்டும். நீ கேட்டுக்கொண்டதை நான் காப்பாற்றவில்லை. திட்டுவதாக இருந்தால் அதையும் எழுது.

தேவி


ஊரப்பாக்கம்
15.3.2025

என் தேவிக்கு,

எனக்கும் வயிற்றில் உள்ளதற்கும் நலம். உன்னைத் திட்டுவதைப் பிள்ளை பிறந்த பிறகு நிதானமாக வைத்துக்கொள்கிறேன்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. முதலில் அம்மா வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, நேராக வயிற்றில் கை வைத்தாள். "அம்மா, சத்தியம்" என்றேன். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறன், நீ குந்து" என்றாள். பிறகு உன் மாமாவைப் பார்த்து, இவ்வளவு சின்ன வளையலை எவன் வாங்கினது என்று கேட்டாள். அவர் அன்றிலிருந்து அவளுக்குப் பயந்துகொண்டிருக்கிறார்.

நைனா வரவில்லையோ என்று நினைத்தேன். மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். கீழே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு. மேலேயும் வரவில்லை, இறங்கியும் போகவில்லை. யாராவது கூப்பிட வேண்டும் என்று நிற்பது பார்த்தாலே தெரிந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை தேவி. கரையில் அவர்தானே எல்லாரையும் கூப்பிடுகிறவர்.

எனக்கு இரண்டு வருடக் கோபம் இருந்தது. நிற்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. அப்புறம் அந்த முழங்காலோடு எவ்வளவு நேரம் படியில் நிற்பார் என்று வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போனேன். என் வயிற்றைப் பார்த்ததும் அவர்தான் பதறினார்.

"எறங்காத. எறங்காத. மாடி வூடா புடிச்சிக் குடுத்தான் அவன்?"

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "உள்ள வா நைனா" என்றேன். வந்தார்.

ராத்திரி தங்கினார். உன் மாமாவும் அவரும் ஐஸ் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எதற்கும் இருவருக்கும் தைரியம் இல்லை. காலையில் போகும்போது, ஒன்பது பிறந்ததும் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்வது மாதிரி எனக்குக் கேட்கச் சொன்னார். அம்மா அதுவரை இங்கேயே இருக்கிறாள். இப்போதுகூட அடுப்படியில் என் டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். எதை எங்கே வைத்தேன் என்று இனி எனக்குத் தெரியாது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். நீ மேடையில் பேசியதைக் கேட்காதவள் நான் ஒருத்திதான். அம்மாவை நாலு தடவை சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்கிறாள். ஒரு தடவை நீ அழுதாய் என்கிறாள், ஒரு தடவை நீ அழவே இல்லை என்கிறாள். உன் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கிடைப்பதெல்லாம் பழைய குரல்தான், பள்ளிக்கூடத்துக் குரல். இத்தனை மாதமாக உன் கையெழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு வா. செங்கல்பட்டில் வண்டி மாறும்போது பெண்கள் பெட்டியில் ஏறு. நான் நிலையத்தில் இருப்பேன்.

புத்தகம் எதுவும் கொண்டு வராதே.

அக்கா